ஹைப்ரிட் பிக்கப்பில் முகாம்: மின்சாரம் எங்கே நின்றது என்று கண்டுபிடிப்பது எப்படி?

காட்டுக்குள் கூடாரம் போட்ட பிறகு கரண்ட் நின்றால் எல்லோரும் முதலில் வண்டியைத்தான் திட்டுவார்கள். நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் இத்தனை பயணங்களில் வண்டியின் மேல் தப்பு இருந்தது ஒன்றிரண்டு முறைதான். மற்றதெல்லாம் வண்டிக்கும் சாதனத்துக்கும் நடுவில் நடந்தது: வயர், ப்ளக், ஒரு தவறான செட்டிங், அல்லது எந்தத் தொட்டியிலிருந்து தண்ணீர் இறைக்கிறோம் என்று தெரியாமல் இறைத்தது.

அந்தத் தொட்டி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றது தானாகப் புரியும். இந்த வண்டியில் மின்சாரம் மூன்று இடத்தில் இருக்கிறது. எல்லாக் கார்களிலும் உள்ள சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்று. சக்கரத்தைச் சுழற்றும் மோட்டாருக்கான பெரிய பேட்டரி இரண்டாவது. பெட்ரோல் எஞ்சின் மூன்றாவது. பெரிய பேட்டரி என்பது பெயரளவில்தான். ஃபோர்டு மேவரிக் ஹைப்ரிட்டில் அது 1.1 யூனிட், எஃப்-150 பவர்பூஸ்டில் 1.5 யூனிட், டொயோட்டா டகோமா ஐ-ஃபோர்ஸ் மேக்ஸில் 1.87 யூனிட். 1500 வாட் ஹீட்டர் ஒன்றைப் போட்டால் ஒரு மணி நேரத்துச் சமாச்சாரம். வீட்டு மாடித் தொட்டி மாதிரிதான்: தண்ணீர் தொட்டியிலிருந்து வருவதுபோல் தெரியும், உண்மையில் கீழே ஓடும் மோட்டார்தான் சோறு போடுகிறது. இங்கே அந்த மோட்டார், எஞ்சின்.

ஆகவே எந்தக் கோளாறு வந்தாலும் முதல் கேள்வி: செத்துப்போன சாதனம் 12 வோல்ட் சாக்கெட்டில் இருக்கிறதா, 120 வோல்ட் சாக்கெட்டில் இருக்கிறதா? இரண்டும் வேறு வேறு பாதை. இந்த வண்டிகள் வட அமெரிக்கச் சந்தைக்கானவை என்பதால் கீழே கணக்கெல்லாம் 120 வோல்ட்டில்.

120 வோல்ட் சாக்கெட்டில் உயிரே இல்லை

வண்டி 'ரெடி' நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்தினால் ரேடியோ பாடும், திரை ஒளிரும், ஆனால் பேட்டரி கரண்டை 120 வோல்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டர் எழாது. எஞ்சின் சத்தமில்லாமலே 'ரெடி' ஆவது ஹைப்ரிட்டின் பழக்கம் என்பதால், வண்டி உண்மையில் ஆன் ஆகியிருக்கிறதா இல்லையா என்று காதால் சொல்ல முடியாது. டாஷ்போர்டு விளக்கைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்து, சாக்கெட்டுக்கென்று தனி பட்டன் இருக்கும். சில வண்டிகளில் டாஷ்போர்டில், சிலவற்றில் திரைக்குள். வண்டியை அணைத்து எழுப்பினால் அது மறுபடி ஆஃப் ஆகியிருக்கலாம். சாக்கெட் பக்கத்தில் சின்னப் பச்சை விளக்கு இருந்தால் அதுதான் சாட்சி. விளக்கு எரிந்தும் சாதனம் ஓடவில்லை என்றால் ஒரு போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். அது ஓடினால் வண்டியை விட்டுவிட்டுச் சாதனத்தின் பக்கம் திரும்பலாம்.

செருகியதும் கரண்ட் வெட்டிக்கொள்கிறது

இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள், ஏனென்றால் வண்டிக்கு வண்டி திறன் மலைக்கும் மடுவுக்கும். மேவரிக் ஹைப்ரிட்டில் கிடைப்பது 400 வாட். டகோமா ஐ-ஃபோர்ஸ் மேக்ஸில் 2400 வாட். எஃப்-150 பவர்பூஸ்டில் அடிப்படை 2.4 கிலோவாட், கூடுதல் வசதியாக 7.2 கிலோவாட். யூடியூபில் யாரோ பின்தொட்டியில் (பிக்கப்பின் பின்னால் சாமான் ஏற்றும் இடம்) வெல்டிங் போடுவதைப் பார்த்துவிட்டு 400 வாட் வண்டியில் காபி மெஷினைச் செருகினால் வெட்டத்தான் செய்யும்.

சூடாக்கும் எதுவும் வாட்டைத் தின்னும். கெட்டில், ஹீட்டர், ஹேர் டிரையர், டோஸ்டர் எல்லாம் 800-லிருந்து 1500 வாட் வரை. இவற்றில் ஒரு நல்ல குணம், லேபிளில் எழுதியதைத்தான் இழுக்கும், அதற்கு மேல் இழுக்காது. மோட்டார் உள்ளவை அப்படியில்லை. கம்ப்ரசர், பம்ப், ஏசி எல்லாம் கிளம்பும் அந்த ஒரு நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு கேட்கும். 120 வோல்ட் குட்டி ஃபிரிட்ஜ் லேபிளில் 100 வாட் என்றிருக்கும், 400 வாட் சாக்கெட் அதைக் கண்டு பயப்படும். காரணம் கிளம்பும் நொடிதான்.

சோதிக்கும் வழி சுலபம். எல்லாவற்றையும் உருவிவிட்டு, தகராறு செய்யும் சாதனத்தை மட்டும் செருகுங்கள். தனியாக ஓடினால் மோட்டார் சாதனத்தை முதலில் கிளப்பி, ஓட்டம் நிதானமான பிறகு மற்றதை ஒவ்வொன்றாகச் சேருங்கள். தனியாகவே ஓடவில்லை என்றால் அந்த வண்டிக்கு அது ஒத்துவராது. டிரெய்லர் (பின்னால் இழுத்து வரும் சக்கர வீடு) ஏசி மட்டும் விதிவிலக்கு. அதற்கு 'சாஃப்ட் ஸ்டார்ட்டர்' என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு, கம்ப்ரசரின் முதல் உதையை மெதுவாக்கிவிடும். அது இல்லாமல் மல்லுக்கட்டியவர்கள் அதைப் பொருத்தியதும் அமைதியாகிவிடுவார்கள்.

மொத்தக் கணக்கு சரியாக இருந்தும் வெட்டுகிறதா? 7.2 கிலோவாட் எஃப்-150-ல் சுமை இரண்டு பாதியாகப் பிரியும், திரையிலும் ஏ, பி என்று தனித்தனியாகத் தெரியும். ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் செருகினால் மறுபக்கம் சும்மா கிடக்க, இது மட்டும் மூச்சுத் திணறும். ஒரு ப்ளக்கை மாற்றிச் செருகினால் போதும். 2.4 கிலோவாட் வண்டியில் உள்ளே இருக்கும் சாக்கெட்டும் அதே கணக்கில் சேரும். பின் சீட்டில் யாராவது லேப்டாப் போட்டிருப்பதை மறந்துவிடாதீர்கள்.

பவர் ஸ்டேஷனைச் செருகினால் வெட்டுகிறது

சிறிய திறன் கொண்ட வண்டிக்கு பவர் ஸ்டேஷன், அதாவது பேட்டரியும் சாக்கெட்டும் சேர்ந்த தூக்கிச் செல்லும் பெட்டி, நல்ல கூட்டாளி. கணக்கைப் பாருங்கள்: 1500 வாட் கெட்டில் ஐந்து நிமிடம் ஓடினால் செலவு 125 வாட்-மணி. வண்டியிலிருந்து 300 வாட்டில் அதைத் திரும்ப ஏற்ற, இழப்பையும் சேர்த்து அரை மணி நேரம் போதும். அப்படித்தான் 400 வாட் வண்டியில் காபி குடிக்க வேண்டும்.

ஆனால் இப்போது வரும் பவர் ஸ்டேஷன்கள் அவசரக்காரர்கள். சுவர் சாக்கெட் என்று நினைத்துக்கொண்டு ஆயிரம் வாட்டுக்கு மேலேயும் இழுப்பார்கள். அதனால் செருகிய சில நொடியிலேயே வண்டி வெட்டிக்கொள்ளும். பெட்டியிலோ அதன் ஆப்பிலோ சார்ஜிங் வேகத்தைக் குறைக்கும் அமைப்பு இருக்கும். 400 வாட் சாக்கெட் என்றால் 300-ல் வையுங்கள். செருகுவதற்கு முன்னால் வைக்க வேண்டும், செருகிய பிறகு அல்ல.

இன்னொரு கோளாறு கொஞ்சம் தந்திரமானது. சார்ஜிங் மட்டும் நன்றாக ஓடுகிறது, பவர் ஸ்டேஷனில் கெட்டிலைப் போட்டால் வண்டி வெட்டுகிறது. கெட்டில் பேட்டரியிலிருந்துதானே ஓடுகிறது, வண்டிக்கு என்ன வந்தது? பல பெட்டிகள் சார்ஜரில் இருக்கும்போது உள்ளே வரும் கரண்டை நேராக வெளியே தள்ளிவிடும். அதாவது கெட்டிலின் 1500 வாட்டும் சார்ஜிங்கின் 300 வாட்டும் சேர்ந்து வண்டியின் தலையில். தீர்வு: கெட்டில் போடும் ஐந்து நிமிடம் மட்டும் சார்ஜிங் ப்ளக்கை உருவிவிடுங்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழுக் காலை ஆனது. அதுவரை காபி இல்லாமல்.

12 வோல்ட் ஃபிரிட்ஜ் நடு இரவில் கத்துகிறது

இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பேட்டரி நன்றாக இருக்கும்போதே இது நடக்கும்.

பின்தொட்டியில் ஃபிரிட்ஜை வைத்து, முன்னால் சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து நீளமான வயர் இழுத்திருந்தேன். இரவு இரண்டு மணிக்கு பீப் பீப். ஃபிரிட்ஜின் திரையில் வோல்டேஜ் குறைவு என்று பிழைக் குறியீடு. எழுந்துபோய் மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்தால் 12.5 வோல்ட், குறை சொல்ல ஒன்றுமில்லை. மீட்டரை எடுத்துக்கொண்டு பின்னால் வந்து, ஃபிரிட்ஜ் ஓட முயலும் நேரத்தில் அதன் ப்ளக் முனையில் வைத்தேன்: 11.4. கம்ப்ரசர் நின்றதும் அதே முனையில் 12.4-க்கு ஏறியது. மறுபடி ஓட முயன்றதும் 11.4. ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே காணாமல் போகிறது.

திருடன் வயர்தான். 16 கேஜ் (அமெரிக்க அளவு, எண் கூடினால் வயர் மெலியும்) செம்பு வயர் ஒரு மீட்டருக்குச் சுமார் 13 மில்லி ஓம். ஆறு மீட்டர் தூரம் என்றால் போகவர 12 மீட்டர், கிட்டத்தட்ட 0.16 ஓம். ஐந்து ஆம்பியர் ஓடினால் 0.8 வோல்ட் வயரிலேயே போச்சு. சிகரெட் லைட்டர் ப்ளக்கின் ஸ்பிரிங் முனை லூசாக இருந்தால் இன்னும் கொஞ்சம். அதே தூரத்துக்கு 10 கேஜ் வயர் போட்டால் இழப்பு 0.2 வோல்ட்தான். பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ் வைத்து, தடித்த வயர் இழுத்து, பின்னால் லூசாகாமல் கெட்டியாகப் பிடிக்கும் ஆண்டர்சன் கனெக்டர் ஒன்றை மாட்டினேன். அந்த பீப் சத்தத்தை அப்புறம் கேட்கவில்லை.

வயர் மாற்ற இப்போது வழியில்லையா? ஃபிரிட்ஜில் பேட்டரிப் பாதுகாப்பு மூன்று நிலையாக இருக்கும்: ஹை, மீடியம், லோ. 'ஹை' என்பது வண்டி பேட்டரியைக் காப்பாற்ற சீக்கிரமே நிறுத்துவது. பவர் ஸ்டேஷனில் ஓட்டும்போது 'லோ' வையுங்கள், அந்தப் பெட்டி தன்னைத்தானே காத்துக்கொள்ளும். வண்டியின் 12 வோல்ட்டில் நேராக ஓட்டினால் 'லோ' வேண்டாம். ஏன் என்று கடைசிப் பகுதியில் தெரியும்.

திரை இல்லாத ஃபிரிட்ஜில் டான்ஃபாஸ் கம்ப்ரசர் இருந்தால் (இப்போது செகாப் என்ற பெயரில் வருகிறது) கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு இருக்கக்கூடும். நான்கு நொடிக்கு ஒரு தரம் கண் சிமிட்டும். ஒரு சிமிட்டல் என்றால் வோல்டேஜ் குறைவு, இரண்டு என்றால் ஃபேன் அதிகம் இழுக்கிறது, மூன்று என்றால் கம்ப்ரசர் கிளம்பவில்லை, ஐந்து என்றால் கட்டுப்பாட்டுப் பெட்டி சூடேறிவிட்டது. ஐந்தைப் பார்த்தால் ஃபிரிட்ஜைச் சுற்றி அடுக்கிய போர்வை, பைகளை நகர்த்துங்கள். காற்று ஓட இடம் இல்லாவிட்டால் அது தன் சூட்டிலேயே வேகும்.

இந்தப் பாதையில் இன்னொரு சங்கதி. பழைய வண்டிகளில் இரண்டாவது பேட்டரி வைத்தவர்கள் வோல்டேஜ் பார்த்து இணைக்கும் ரிலே போட்டிருப்பார்கள். எஞ்சினோடு சுழன்று கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் வோல்டேஜை ஏற்றியதும் அது 'டக்' என்று இணைக்கும். முழு ஹைப்ரிட்கள் பலவற்றில் ஆல்டர்னேட்டரே கிடையாது. பெரிய பேட்டரியிலிருந்து ஒரு கன்வெர்ட்டர்தான் 12 வோல்ட்டைப் பார்த்துக்கொள்கிறது, தேவைப்படி வோல்டேஜை ஏற்றி இறக்கும். ரிலே குழம்பிப்போய் இணைப்பதும் விடுவதுமாக இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, ஏறி இறங்கும் வோல்டேஜை வாங்கி இரண்டாவது பேட்டரிக்குச் சீராகக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர் போடுவதுதான் சரி. வோல்டேஜைப் பார்த்து அல்ல, வண்டி ஆனில் இருக்கும்போது மட்டும் வேலை செய்யும்படி அதன் சிக்னல் வயரை இணைத்துவிடுங்கள்.

12 வோல்ட் சாக்கெட்டில் 300 வாட் இன்வெர்ட்டர் வைத்து ஃபியூஸ் போனவர்களுக்கு ஒரே வரி: 15 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் 12 வோல்ட்டில் 180 வாட்தான், பெட்டியில் எழுதியிருக்கும் 300-ஐ மறந்துவிடுங்கள்.

டிரெய்லரைச் செருகியதும் எர்த் கோளாறு என்கிறது

சாக்கெட்டில் உள்ள எர்த் பாதுகாப்பு, போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் ஒன்றா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஐந்து மில்லி ஆம்பியர் அளவுக்கு வித்தியாசம் வந்தாலே வெட்டிவிடும். மழையில் நனைந்த எக்ஸ்டென்ஷன் இணைப்பு ஒன்றே அதற்குப் போதும். முதலில் அதைத் துடைத்து, தரையிலிருந்து தூக்கி வைத்து, ரீசெட் அழுத்திப் பாருங்கள்.

டிரெய்லர் என்றால் உள்ளே எல்லா பிரேக்கர்களையும் அணைத்துவிட்டுச் செருகுங்கள். வெட்டவில்லை என்றால் ஒவ்வொன்றாகப் போட்டு வாருங்கள், குற்றவாளி அகப்படுவார். நான் முதலில் சந்தேகப்படுவது வாட்டர் ஹீட்டரை. அதன் எலிமென்ட்டில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால் தண்ணீர் வழியாகக் கரண்ட் ஹீட்டரின் உலோக உடலுக்குக் கசியும். சூடு ஒழுங்காக வருவதால் யாரும் கவனிப்பதில்லை.

எல்லா பிரேக்கரும் அணைந்திருந்தும் வெட்டுகிறதா? டிரெய்லர் பிரேக்கர்கள் உயிர் வயரை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் அப்படியே இருக்கும். எங்கோ நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். ஜெனரேட்டருக்காக வாங்கிய நியூட்ரல்-எர்த் பிணைப்பு ப்ளக்கை எங்காவது மாட்டி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வண்டியிலேயே பிணைப்பு இருந்தால் இரண்டாவது பிணைப்பு உடனே வெட்ட வைக்கும்.

எர்த் பின்னை வெட்டி எறிந்துவிட்டால் ட்ரிப் ஆகாது என்று ஒருவர் எனக்கு அறிவுரை சொன்னார். ட்ரிப் ஆகாதுதான். அடுத்து ஈரக் கையோடு டிரெய்லர் கதவைத் தொடுபவர்தான் அந்தப் பின்னின் வேலையைச் செய்வார்.

வயர் சுடுகிறது

1500 வாட் என்றால் 12.5 ஆம்பியர். 15 மீட்டர் நீளமுள்ள 16 கேஜ் எக்ஸ்டென்ஷனில் அது ஓடினால் ஐந்து வோல்ட் விழும், 60 வாட் அளவுக்கு வயரிலேயே சூடாகும். பழைய குண்டு பல்பு ஒன்றின் சூடு. நீட்டிப் போட்டிருந்தால் காற்றில் கரைந்துவிடும். சுருட்டி வைத்த வயரில் நடுவில் தேங்கி உருக்கிவிடும். முழுவதும் பிரித்துப் போடுங்கள், ஹீட்டர் போன்றவற்றுக்கு 12 கேஜ் வாங்குங்கள். வயர் குளிர்ந்திருந்து ப்ளக் மட்டும் சுட்டால் அது லூஸ் இணைப்பு, அந்த ப்ளக்கை மாற்ற வேண்டும்.

தூங்கும்போது இருந்தது, விடிகாலையில் இல்லை

வண்டி தானாக அணைந்திருக்கும். நிறுத்தி வைத்து ரொம்ப நேரம் யாரும் எதையும் தொடாவிட்டால் வண்டியை அணைக்கும் டைமர் பல வண்டிகளில் உண்டு. அதை நிறுத்தி வைக்கும் அமைப்பும், தொடர்ந்து கரண்ட் கொடுக்கும் தனி நிலையும் எங்கே இருக்கின்றன என்பதைக் கிளம்புவதற்கு முன்பே கையேட்டில் தேடி வைத்துக்கொள்ளுங்கள், காட்டில் சிக்னல் இருக்காது. பெட்ரோல் குறைந்தாலும் இதே கதைதான். வீட்டு வாசலில் ஒரு இரவு ஒத்திகை பார்ப்பது வீண் வேலை அல்ல.

சிபேப் (தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் காற்றடிக்கும் கருவி) போட்டுத் தூங்குபவர்களுக்கு இது தொந்தரவு மட்டும் அல்ல, மூச்சு விஷயம். அவர்கள் வண்டியை நம்பித் தூங்க வேண்டாம், பவர் ஸ்டேஷனில் ஓட்டட்டும். அதிலும் சார்ஜ் பாதி இரவில் தீர்ந்தால் காரணம் அநேகமாக காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபயரும் சூடாக்கும் குழாயும்தான். காற்றடிக்கும் மோட்டார் இழுப்பது சொற்பம், சூடுதான் பாதிக்கு மேல் தின்கிறது. அவற்றை அணைத்துவிட்டு, 120 வோல்ட் அடாப்டருக்குப் பதில் அந்தக் கருவிக்கான டிசி அடாப்டரில் இணைத்தால் இரண்டு இரவுகூட வரும். மூக்கு கொஞ்சம் வறளும், பரவாயில்லை.

இரவெல்லாம் எஞ்சின் ஓடுவதும் நிற்பதுமாக இருக்கிறது

இது கோளாறே இல்லை, தொட்டி வற்றி மோட்டார் ஓடுகிறது. ஒரு சின்ன விளக்குக்காக எஞ்சின் எழுகிறதே என்றால், வண்டியின் கம்ப்யூட்டர்களும் குளிரூட்டும் ஃபேன்களும்கூட 'ரெடி' நிலையில் தின்றுகொண்டுதான் இருக்கும். உள்ளே ஏசியோ ஹீட்டரோ ஓடினால் அணையுங்கள், இடைவெளி நீளும்.

ஆனால் இது கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டு நகர முடியாது. சத்தமில்லாமல் நின்றிருந்த வண்டி, நீங்கள் தூங்கும்போது புகை விடத் தொடங்குகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று போகும். 2021 பிப்ரவரியில் டெக்சஸில் பனிப்புயலில் மின்சாரம் போனபோது காரேஜில் காரை ஓடவிட்டும், ஜெனரேட்டரை வீட்டை ஒட்டி வைத்தும் பலர் இப்படித்தான் பாதிக்கப்பட்டார்கள், இறந்தவர்களும் உண்டு. ஜெனரேட்டருக்குச் சொல்லும் 20 அடி, அதாவது ஆறு மீட்டர் தூரத்தை வண்டிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். புகைக்குழாய் காற்று போகும் திசையில் கூடாரத்துக்கு அப்பால் இருக்கட்டும். பனி கொட்டும் இடத்தில் குழாய் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். உயரமான காய்ந்த புல்லின் மேல் நிறுத்தி ஓட்ட வேண்டாம், அடியில் இருக்கும் சூடு தீப்பிடிக்க வைக்கும்.

வண்டியின் கூரைக் கூடாரத்திலோ பின்தொட்டியிலோ தூங்குபவர்களுக்கு ஆறு மீட்டர் தூரம் எங்கிருந்து வரும்? அவர்கள் இரவில் வண்டியை 'ரெடி'யில் விடவே கூடாது. மாலையில் ஓட்டி பவர் ஸ்டேஷனை நிரப்பிக்கொண்டு, வண்டியை அணைத்துவிட்டுப் படுக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று எல்லோருக்கும் தலைமாட்டில் இருக்கட்டும்.

காலையில் வண்டி எழவில்லை

பெரிய பேட்டரியில் நிறையச் சார்ஜ் இருக்கிறது, டேங்கில் பெட்ரோல் இருக்கிறது, ஆனால் பட்டனை அழுத்தினால் ஒன்றும் இல்லை. இரவு முழுக்க அணைந்த வண்டியின் 12 வோல்ட்டில் ஃபிரிட்ஜை 'லோ'வில் ஓட்டியிருப்பீர்கள். பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் சுவிட்சுகளும் வண்டியின் கம்ப்யூட்டர்களும் எழுவது இந்த 12 வோல்ட்டில்தான். அது செத்தால் பக்கத்தில் இருக்கும் ஒன்றரை யூனிட்டும் பூட்டிய பெட்டகம்.

மீட்டரில் பாருங்கள்: ஈய-அமில பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் ஆபத்து. ஜம்ப் (வெளியிலிருந்து கரண்ட்) கொடுக்கும் இடம் கையேட்டில் குறித்திருக்கும், அங்கே மட்டும் கொடுங்கள். ஆரஞ்சு நிற வயர் எதையும் தொட வேண்டாம், அது உயர் வோல்டேஜ். எஞ்சினைப் பெரிய பேட்டரியே சுழற்றும் வண்டிகளில் 12 வோல்ட் தர வேண்டியது கம்ப்யூட்டர்களை எழுப்பும் அளவுக்குத்தான், அதனால் ஜம்ப் கொடுக்கும் கையடக்க பேட்டரியான பூஸ்டரே போதும். 'ரெடி' வந்ததும் பூஸ்டரைக் கழற்றிவிட்டு, வண்டியை அணைக்காமல் ஒரு மணி நேரமாவது விடுங்கள், கன்வெர்ட்டர் 12 வோல்ட்டை நிரப்பிக்கொள்ளும்.

ஆனால் பூஸ்டர் வண்டிக்குள் இருந்து வண்டியும் பூட்டியிருந்தால்? ரிமோட்டை எத்தனை அழுத்தினாலும் கதவு திறக்காது, அதற்கும் அதே செத்த பேட்டரிதான் வேண்டும். ரிமோட்டின் பக்கவாட்டில் சின்னப் பொத்தான் இருக்கும், அழுத்தி இழுத்தால் உள்ளிருந்து ஒரு இரும்புச் சாவி வரும். ஓட்டுநர் கதவுக் கைப்பிடியில் அதற்கான துளை ஒரு மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அந்த மூடியைப் பகலில், வீட்டில், ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுங்கள். நான் அதை முதன்முதலில் கழற்றியது டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு.